முவேனியின் முறை

வானம் இடிந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

ஆகஸ்ட் மாதம். மேகம் என்ற பேச்சே இல்லாத பட்டப்பகல். அடிபம்பு வரிசையில் நின்றிருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அடுத்த நொடி சிதறி ஓடினோம். பானை, பேசின், களி கிண்டுகிற சட்டி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் இழுத்து வந்து தகரக் கூரைகளின் விளிம்புக்குக் கீழே வைத்தோம். ஸ்யோம்புவா அவசரத்தில் புருஷனுடைய சர்ச் தொப்பியை மல்லாக்க வைத்துவிட்டாள்.

வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தோம். வானம் நீலமாக, நேற்றுத் துவைத்துக் காயப்போட்ட துணி போல இருந்தது. ஒரு பருந்து மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இடி ரோட்டுப் பக்கம்லடி கேக்குது!" என்றாள் யாரோ.

ரோட்டில் ஒரு லாரி நின்றிருந்தது. அதன் பின்கதவு தானாகத் திறந்துகொண்டு, உள்ளிருந்த பைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு தரையில் கொட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் தலையில் கைவைத்து நின்றிருந்தான். சர்வேயர் முன்யோக்கி. அன்றுதான் எங்கள் ஊருக்கு முதல்முறையாக வந்திருந்தான்.

"என்ன தம்பி, மழையக் குழாய்ல அடைச்சுக் கொண்டாந்திட்டியா?" என்று ஸ்யோம்புவா கேட்டாள்.

"ஆமாக்கா. மலை ஊத்துலேர்ந்து இங்க வரைக்கும்."

சும்மா சொல்கிறான் என்றுதான் நினைத்தோம். ஆனால் உண்மை. மலை ஊற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துச் சுத்தம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சரிவில் தானாகவே இறங்கி வரும், மோட்டார் வேண்டாம். ஊர் நடுவில் ஆறு குழாய். ஒரு கேன் இரண்டு ஷில்லிங். கழுதை வண்டிக்காரன் அதே கேனுக்கு இருபது வாங்குகிறான்.

எங்கள் அடிபம்புத் தண்ணீர் எப்படிப்பட்டது என்றால், டீயில் பால் ஊற்றினால் திரிந்துவிடும். அவ்வளவு உப்பு. அதற்கே விடியலிலிருந்து மதியம் வரை நிற்க வேண்டும். நிற்க முடியாதவர்கள் வறண்ட ஆற்றில் மணலைத் தோண்டி ஊறுகிற கலங்கலை மொண்டு வருவார்கள். ஆடும் கழுதையும் குடித்தது போக மிச்சம். எங்கள் கியாங்வாவில் வயிற்றுவலி இல்லாத குழந்தையைக் காட்டினால் ஒரு கோழி தருகிறேன்.

அதனால் அன்று சாயங்காலம் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. முவேனியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அவளுடைய சொந்தப் பெயர் கவாதா. ஆனால் எங்களில் பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் கியாலோவம்மா. அவள் முவேனியம்மா. முவேனி என்றால் விருந்தாளி. வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்த நாளில் பிறந்ததால் அந்தப் பெயர். முவேனி என்கிற விருந்தாளியும் போய் நான்கு வருஷம் ஆகிறது. ஆனாலும் அவள் பெயரைச் சொல்லாமல் அவள் தாயை யாராலும் கூப்பிட முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோமோ!

பதினெட்டு வயதுப் பெண். ஒரு காலையில் பம்பு வரிசையில் தன் கேனை வைத்தாள். "இதோ வந்துடறேன், பாத்துக்கோங்க சித்தி" என்று என்னிடம்தான் சொன்னாள். நானும் தலையாட்டினேன். அவள் ரோட்டில் மொம்பாசா பஸ்ஸில் ஏறியதைக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். ஒரு ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிறாள் என்றார்கள். வேறு ஒருத்தர், வழியில் பஸ் நிற்கிற ஊரில் மாம்பழம் விற்பதைப் பார்த்தேன் என்றார். ஒரு போன் இல்லை, ஒரு சொல் இல்லை.

கேன் மட்டும் நின்றது.

எங்கள் வரிசையில் கேன் நின்றால் ஆள் நின்ற மாதிரி. இது கியாங்வாவின் சட்டம். ஆள் போய் அடுப்பைப் பார்க்கலாம், ஆட்டைப் பார்க்கலாம். கேன் அவளுக்காக நிற்கும். வரிசை நகரும்போது பின்னால் இருப்பவள் காலால் அதை ஒரு தள்ளு தள்ளிவிட வேண்டும். தள்ளலாம், எடுத்து ஓரமாக வைக்கக் கூடாது. அடுத்தவள் கேனை நிரப்பவும் கூடாது. அவளவள் முறை அவளவளுக்கு. இல்லையென்றால் ஒருத்தியே பத்துப் பேருக்கு நிரப்பிக்கொண்டு போவாள், கடைசியில் நிற்பவள் கதி?

முவேனியின் கேன் முன்னொரு காலத்தில் மஞ்சள். சமையல் எண்ணெய் வந்த இருபது லிட்டர் கேன். மூடி தொலைந்து, வாயில் ஒரு மக்காச்சோளத் தக்கை. வெயிலில் நின்று நின்று எலும்பு நிறத்துக்கு வந்துவிட்டது. நான்கு வருஷமாக நாங்கள் அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். கல்யாணமாகி ஊருக்குப் புதிதாக வருகிறவள் "இது யாருதுக்கா?" என்பாள். "முவேனியோடது. இப்பத்தான் போனா, வந்துருவா" என்போம். அவளும் தள்ளுவாள்.

பம்பின் வாய்க்கு வந்ததும் முவேனியம்மா அதைக் கையில் எடுப்பாள். ஒரு சொட்டுப் பிடிக்க மாட்டாள். வெறும் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்து வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைப்பாள். ஒரு நாளைக்கு மூன்று முறை, நான்கு முறை. யாரும் எதுவும் கேட்டதில்லை. பெற்ற வயிறு, என்ன கேட்பது?

பைப்புக்கான பள்ளம் மலையிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது. இருபது பேர் தோண்டினார்கள். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஓடை. நடுவில் இருந்த ஒரே வழி முவேனியம்மாவின் துவரைக் காடு. முன்யோக்கி அங்கே சிவப்புப் பெயின்ட் அடித்த முளைக்குச்சிகளை நட்டான். மறுநாள் காலையில் குச்சி ஒன்றும் இல்லை. முவேனியம்மாவின் அடுப்பிலிருந்து பெயின்ட் நாற்றத்தோடு புகை வந்தது.

முன்யோக்கி ஓடி வந்தான். "அம்மா, என்னம்மா இது? கவர்ன்மென்ட்டு குச்சி!"

"நல்லா எரியுது தம்பி. இன்னும் இருக்கா?"

"ஒரு முழம் அகலந்தான். பைப்பப் பதிச்சு மூடிடுவோம். மேல நீங்க துவரையே போட்டுக்கலாம்."

"என் மாமரத்துக்கு வேர் அறுந்துபோகும்."

"மாமரம் அந்தக் கோடியில இருக்கு!"

"வேர் இங்க வரைக்கும் வரும். அதுக்கும் தண்ணி வேணும்ல."

முன்யோக்கிக்கு ஊற்றின் அருமையைச் சொல்லிப் புரியவைக்கலாம் என்ற நம்பிக்கை. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். "யோசிச்சுப் பாருங்கம்மா! ஆறு குழாய்! வரிசைங்கிறதே இருக்காது. வந்தோமா, பிடிச்சோமா, போனோமான்னு இருக்கும். வரிசைன்னா என்னன்னு உங்க பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமயே போயிடும்!"

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவன் 'வரிசை இருக்காது' என்று சொல்லச் சொல்ல, அவள் முகம் வற்றிக்கொண்டே போனதைப் பார்த்தேன். பையன் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு தடவை சொன்னான்.

"போயிட்டு வா தம்பி" என்று உள்ளே போய்விட்டாள்.

அவள் கைநாட்டு வைக்காமல் அவள் நிலத்தில் மண்வெட்டி படக் கூடாது. தோண்டுகிற ஆட்கள் மாதக் கடைசி வரைதான் இருப்பார்கள். அதற்குள் முடியவில்லையென்றால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஊருக்குப் பைப்போடு போய்விடுவார்கள்.

குடைவேல மரத்தடியில் தண்ணீர்க் கமிட்டி கூடியது. ஸ்யோம்புவா தலைவி. குரல் எடுத்தால் கழுதை நின்று திரும்பிப் பார்க்கும்.

"ஒரு வெறுங் கேனுக்காக ஊரே உப்புத் தண்ணி குடிக்கணுமா? கியாலோவம்மா, நீதான் அவ பக்கத்து வீடு. போய்ப் பேசு. எனக்குப் பேசத் தெரியாது, திட்டத்தான் தெரியும்."

"அது எங்களுக்கும் தெரியும்" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

மதிய வெயிலில் போனேன். முவேனியம்மா வாசலில் உட்கார்ந்து துவரை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டேன். வெயிலில் எதிரே இருந்த காடு நீருக்குள் இருப்பது போல அசைந்தது. மரங்களின் அடி கரைந்துபோய், உச்சிகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் எது நிஜம், எது இல்லை என்று சொல்ல முடியாது.

"கனவு கண்டேன் கியாலோவம்மா" என்றாள் அவளாகவே. "நம்ம வரிசை நீளமா, ஆத்து மணல் வழியாவே போகுது. ஆள் ஒருத்தரும் இல்ல. கேனுங்க தானாவே நடக்குது, நம்ம ஆடுங்க மாதிரி. ஒண்ணையொண்ணு இடிச்சுக்கிட்டு. எல்லாம் கடல்ல போய் இறங்குது. ஒண்ணு மட்டும் கரையில நிக்குது. நான் தள்ளுறேன், தள்ளுறேன், நகர மாட்டேங்குது."

"கனமா இருந்துச்சா?"

"இல்ல. வெறுங் கேன். அதுதான் ஆச்சரியம்."

நான் இன்னொரு கைப்பிடி துவரை அள்ளிக்கொண்டேன்.

"முவேனியம்மா, புதுக் குழாயடியிலயும் அவ கேனுக்கு ஒரு இடம் வச்சிடுவோம். கல்லு போட்டு, மேடை கட்டி... எல்லாருக்கும் முன்னால."

அவள் சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு.

"வரிசையே இல்லாத இடத்துல முன்னால ஏது, பின்னால ஏது? வரிசையில இருக்கிற வரைக்கும் எம்பொண்ணு ஓடிப்போனவ இல்லடி. முறைக்கு நிக்கிறவ. கொஞ்சம் லேட்டாகுது, அவ்வளவுதான். நீங்க வரிசையக் கலைச்சுட்டா அவ யாரு?"

உரித்த துவரையை அவள் மடியில் போட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

"கைநாட்டு?" என்றாள் ஸ்யோம்புவா.

"ரெண்டு படி துவரை உரிச்சோம்."

"நல்ல கமிட்டி!"

அந்த வாரமே பம்பு செத்தது. நான்தான் அடித்துக்கொண்டிருந்தேன். கைப்பிடி திடீரென்று பஞ்சு போல லேசாகிவிட்டது. உள்ளே கம்பி அறுந்திருக்கும் என்று பார்த்தால், மெக்கானிக் கயிறு விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அடியில் தண்ணீரே இல்லை. உப்புத் தண்ணீரும் போயிற்று.

பெண்கள் அவரவர் கேனை எடுத்துக்கொண்டார்கள். நெற்றியில் சுமைப் பட்டையை மாட்டி, முதுகில் கேனைத் தொங்கவிட்டு, ஆற்று மணலைத் தோண்டப் போனார்கள். நான்கு வருஷத்தில் முதல்முறையாக வரிசை கலைந்தது. செத்த பம்புக்கு முன்னால் ஒரே ஒரு கேன் நின்றது. அதை எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. முவேனியம்மா அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"ஒத்தக் கேனு வரிசையாடி?" என்று ஸ்யோம்புவா அவளுக்குக் கேட்கும்படி என்னிடம் கேட்டாள். ஆனால் தன் லேசோத் துணியை எடுத்து அவள் தலைக்கு வெயில் படாமல் போர்த்திவிட்டுத்தான் போனாள்.

மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் நடுப்பகலில் அது வந்தது.

முதலில் காட்டின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் போல எழுந்தது பேய்க்காற்று. ஒரு காலில் ஆடிக்கொண்டு, சருகுகளைச் சுற்றிக்கொண்டு, யாரையோ தேடி வருகிற மாதிரி வளைந்து வளைந்து வந்தது. எங்கள் ஊரில் தினமும் வருவதுதான். நாங்கள் ஆற்றிலிருந்து சுமையோடு ஏறி வந்துகொண்டிருந்தோம். கண்ணை மூடிக்கொண்டு திரும்பி நின்றோம்.

திறந்தபோது கேன் வானத்தில் இருந்தது.

மெதுவாக, சத்தமே இல்லாமல் சுற்றியது. எலும்பு நிறத்தில் பகல் நிலா மாதிரி. ஒரு ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம். பிறகு காற்று அதைக் கீழே போட்டது. அது நிற்கவில்லை, உருண்டது. டொம், டொம் என்று துள்ளித் துள்ளி ஊரைத் தாண்டி ஓடியது.

"முவேனி!" என்று கத்தினாள் முவேனியம்மா.

கேனைத்தான் அப்படிக் கூப்பிட்டாள். யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை. முதுகுச் சுமைகளை இறக்கிப் போட்டுவிட்டு நாங்களும் ஓடினோம். "முவேனி, நில்லு! ஏய் முவேனி!" ஸ்யோம்புவா கனத்த உடம்போடு முன்னால் ஓடினாள். பள்ளம் தோண்டுகிற ஆட்களும், எதற்கென்று தெரியாமலே முன்யோக்கியும் ஓடினார்கள். கோழிகள் சிதறின. புழுதிக்குள் யார் எங்கே ஓடுகிறோம் என்றே தெரியவில்லை. அதற்குள் எங்கோ ஒரு பெண் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று சத்தியமாக எனக்குத் தோன்றியது.

புழுதி அடங்கியது. துவரைக் காட்டின் எல்லையில், தோண்டி நிறுத்தியிருந்த பள்ளத்துக்குள் கேன் விழுந்து கிடந்தது. தக்கை எங்கோ போய்விட்டது. வாய் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முவேனியம்மா பள்ளத்தில் இறங்கினாள். கேனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றி நின்றோம். கடைசியில் அவள் யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"வெறுங் கேனா இருந்ததாலதானே காத்து தூக்குச்சு. நெறஞ்சிருந்தா தூக்கியிருக்குமா?"

கேனின் திறந்த வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"தம்பி" என்று கூப்பிட்டாள். முன்யோக்கி குனிந்தான். "எங்க கைநாட்டு வைக்கணும்?"

அவன் சட்டைப் பையைத் தடவினான். மைப்பெட்டி இல்லை. ஓடிய ஓட்டத்தில் எங்கோ விழுந்திருந்தது. முவேனியம்மா பெருவிரலை எச்சிலில் நனைத்து, பள்ளத்து மண்ணில் அழுத்திக் காகிதத்தில் வைத்தாள். சிவப்பு மண்ணில் ரேகை அழகாக விழுந்தது.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு தண்ணீர் வந்தது.

வந்தது என்றால் உடனே வரவில்லை. முதலில் குழாய்கள் ஆறும் கிழவர்கள் மாதிரி இருமின. பிறகு செம்மண்ணைத் துப்பின. பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு. அப்புறம் கண்ணாடி போல ஒன்று இறங்கியது. அதைத் தண்ணீர் என்று நம்ப எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் வானமும் தெரிந்தது, எங்கள் முகமும் தெரிந்தது.

ஸ்யோம்புவா தலைவி என்பதால் முதலில் குடித்தாள். வாயில் வைத்துச் சப்புக்கொட்டினாள்.

"என்ன தம்பி இது, சப்புன்னு இருக்கு? உப்பு போட மறந்துட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே கேன்களை வைத்தோம். எப்படி வைத்தோம் தெரியுமா? ஆறு குழாய் இருக்க, ஒரே குழாயின் முன்னால், ஒன்றன் பின் ஒன்றாக, சாலை வரைக்கும். முன்யோக்கி தலையில் அடித்துக்கொண்டான்.

"வரிசை வேண்டாம்! அக்கா, அஞ்சு குழாய் சும்மா நிக்குது! பிரிஞ்சு நில்லுங்க!"

"இருப்பா, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றாள் ஒருத்தி, அசையாமல்.

அப்போதுதான் முவேனியம்மா வந்தாள். கையில் அந்தக் கேன், வாயில் புதுத் தக்கை. நாங்கள் வழக்கம்போல வரிசையின் கடைசியில் இடம் விட்டோம். அவள் எங்களைத் தாண்டி நடந்தாள். யாரும் நிற்காத ஆறாவது குழாயின் கீழே கேனை வைத்தாள். திறந்தாள்.

வெறுங் கேனுக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் முதலில் மேளம் மாதிரி இருந்தது, பிறகு தாழ்ந்து தாழ்ந்து முனகலாயிற்று.

"அது முவேனியோடதாச்சே" என்று என் பின்னால் ஒரு புதுப்பெண் கிசுகிசுத்தாள். "அவதானே நிரப்பணும்?"

"வாய மூடுடி" என்றாள் ஸ்யோம்புவா. அவள் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "வரிசை இல்லாத இடத்துல முறை ஏது?"

கேன் நிரம்பி வழிந்தது. முவேனியம்மா தக்கையை அழுத்தி மூடினாள். நெற்றியில் பட்டையை மாட்டிக்கொண்டு குனிந்தாள். நான் பின்னால் தூக்கிக் கொடுத்தேன். இருபது லிட்டர். அவள் முதுகு ஒரு கணம் தணிந்து நிமிர்ந்தது.

வீடு வரைக்கும் கூடவே நடந்தேன். வெயிலில் காடு மறுபடியும் மிதந்துகொண்டிருந்தது. கேனின் பக்கவாட்டில் வழிந்த நீர் அவள் குதிகாலில் சொட்டி, நடந்த வழியெல்லாம் சின்னச் சின்னப் புள்ளி வைத்துக்கொண்டு வந்தது.

வாசலில் இறக்கினோம். நான் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே தூக்கிக்கொண்டு போகக் கேனின் பிடியில் கைவைத்தேன். முவேனியம்மா என் கையை மெல்ல எடுத்துவிட்டாள். கேனைக் கதவுக்கு வெளியே, நிலைப்படிக்கு ஒரு சாண் தள்ளி நகர்த்தி வைத்தாள்.

"உள்ள வைக்கலியா முவேனியம்மா? வெயில்ல சூடாயிடுமே."

"இங்கயே இருக்கட்டும்டி. அவ போன அன்னைக்கு, விடியல்ல வெறுங் கேனோட வந்து நின்னப்ப, தண்ணியில்லாம இந்தப் படிய மிதிக்காதேன்னு சொன்னது நான்தான். இனிமே அவ வெறுங்கையோட வந்தாலும், இதத் தூக்கிக்கிட்டு உள்ள வந்துடலாம்ல."